உங்கள் அம்மா டாக்டரிடம் போன கதை

பிள்ளைகளே, அன்றைக்கு வீட்டில் ஈரல் வறுத்ததும், இன்னா விசேஷம் என்று நீங்கள் கேட்டதும் நினைவிருக்கும். அதற்குக் காரணத்தை எழுதுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்கு நாம் குடிவந்த புதிதில், மாடிப்படி ஏறினாலே உங்கள் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். ஜாக்கெட் தைக்கும்போதே கண் இருட்டி, மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். டாக்டரிடம் போகலாம் என்றால், வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பாள், உங்கள் பரீட்சை முடியட்டும் என்பாள். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. போனால் நமக்கும் அதுதான் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

"நீயே போய்ச் சொல்லி மாத்திரை வாங்கினு வா," என்றாள் ஒருநாள். நம் தெருவில் பலரும் செய்வதுதான். நானும் போனேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆளைப் பார்க்காமல் மாத்திரை எழுத முடியாது என்றார். வந்தது வந்தீர்கள், கையை நீட்டுங்கள் என்று எனக்குப் பிரஷர் பார்த்தார். எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது.

வீட்டில் வந்து இதைச் சொன்னதுதான் தாமதம். மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. காலையிலேயே என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கிளினிக்கில் நான் வாயே திறக்கவில்லை. அப்பளம், ஊறுகாய், கருவாடு, என் முன்கோபம் என்று என் மேல் இருந்த புகாரையெல்லாம் அவளே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. டாக்டரம்மா எழுந்து வந்து அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"நான் இவருக்குத் துணையா வந்தேன் மேடம்."

"இவருக்கு உப்பு கம்மியா ஆக்கிப் போட நீங்க நிக்கணும்ல? டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

கையை நீட்டினாள். ஊசியைப் பார்க்காமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் வரும்வரை அவள் மிஷினைத் தொடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை போனோம். ரத்தம் குறைவாக இருக்கிறது, வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை, மாத்திரையும் கீரையும் ஈரலும் போதும் என்றார் டாக்டரம்மா. அம்மா நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கீழ்க்கட்டளையில் இருக்கும் உங்கள் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். பரீட்சையில் பாஸான பிள்ளை போல முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு ரத்தம்தான்க்கா கம்மி. வேற ஒண்ணியும் இல்ல. உனக்கும் மூச்சு வாங்குதுன்னு சொன்ன இல்ல? திங்கக்கெழம கெளம்பி இரு, நான் வந்து இட்னு போறேன்."

அப்புறம் கறிக்கடைக்குப் போனோம். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். நீங்கள் விசேஷம் என்னவென்று கேட்டபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உப்புக் குறைத்த பங்கை எனக்குத் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு, நாம் உட்காரும் முன்பே தன் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.