காப்புக் கட்டிய ஆறாவது பெண்

வாலிபால் ஆட ஆறு பேர் வேண்டும். என் மகள் படித்த கல்லூரியில் அந்த வருடம் இருந்தது சரியாக ஆறு பேர். அதில் ஆறாவது ஆள் என் மகள். அவள் கையில் காப்பைக் கட்டி, வெளியூரில் ஒரு ராத்திரி தங்க முடியாதபடி செய்தவன் நான். சாமி மேல் உள்ள அன்பில்தான் செய்தேன். ஆனாலும் பிசகு பிசகுதானே. அந்தப் பிசகை அய்யனார் எப்படி நேராக்கிக் கொடுத்தார் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் எட்டாவது வரை படித்தவன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற ரோட்டில், கானாடுகாத்தான் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நெல்லும் கடலையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் என் மகள். தினமும் காரைக்குடிக்கு பஸ்ஸில் போய் வருவாள். நல்ல உயரமான பிள்ளை. 'இந்த உசரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்குட்டுப் போறது' என்று அவள் ஆத்தா கவலைப்பட்ட உயரம். காலேஜில் விளையாட்டு டீச்சர் கண்ணில் முதலில் பட்டது அந்த உயரம்தான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். திருச்சிப் பக்கத்துக்காரர். மோர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, போன வருஷம் முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்தோம். இந்த வருஷம் அப்படி இல்ல. உங்க பொண்ணு பந்தைத் தூக்கிக் கொடுத்தா, அடிக்கிற பொண்ணுக்குப் பாதி வேலை மிச்சம். வலைக்கிட்ட எழும்பி அடிக்க ரெண்டு பேர் தேறியிருக்காங்க. கடைசி ஆட்டம் வரைக்கும் போகலாம்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா ஆளுதான் ஆறே ஆறு. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் போச்சு."

"ஏன் டீச்சர், அம்புட்டுப் பிள்ளைக படிக்கிற காலேஜுல ஆறு பேருதானா?"

"ஆடத் தெரிஞ்ச பிள்ளைங்க இன்னும் இருக்கு. வெளியூர்ல ராத்திரி தங்கணும்னு சொன்னதும் வீட்டுல முடியாதுன்னுடறாங்க. போன வருஷம் ஆடினதுல ரெண்டு பேருக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. போட்டியெல்லாம் முடியிற வரைக்கும் நீங்களும் மாப்பிள்ளை பாக்காம இருக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்: "வந்தாத்தானே டீச்சர் பாக்குறதுக்கு!"

டீச்சர் சிரித்துவிட்டார். நானும் வாக்குக் கொடுத்தேன். முதல் போட்டி புரட்டாசிக் கடைசியில், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில். முதல்நாள் சாயங்காலமே போய், அங்கே ஒரு வகுப்பறையில் பாய் விரித்துத் தங்குவது வழக்கமாம். கூடவே டீச்சரும் இருப்பார் என்பதால் சரி என்று சொன்னேன்.

அந்த வருடம் மழை நல்லபடியாகப் பெய்தது. நாலைந்து வருடமாக நின்றுபோயிருந்த புரவி எடுப்பை நடத்துவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. மண்ணில் குதிரை செய்து, சுட்டு, வர்ணம் அடித்து, தோளில் தூக்கிப் போய் அய்யனார் கோயிலில் வைப்போம். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சளை முடிந்து மணிக்கட்டில் கட்டுவது. கட்டியவர் கவிச்சி தொடக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது, எங்கே போனாலும் ராத்திரிக்கு ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். புரவி எடுப்பு முடிந்துதான் காப்பை அவிழ்ப்பது.

வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. என் பிள்ளை காலேஜில் படிக்கிறாள், டீச்சர் வீடு தேடி வந்து கேட்கிறார், இதற்கெல்லாம் யார் காரணம்? என் கையில் கட்டியதும், "இவளுக்கும் ஒண்ணு" என்று மகளை முன்னே நிறுத்தினேன்.

"வீட்டுக்கு ஒரு கை பத்தாதா? ரெண்டு கை கேட்டாராக்கும் அய்யனாரு?" என்றாள் வீட்டுக்காரி.

"புள்ள செயிக்கட்டும்னுதான். போட்டி காப்பு அவுத்ததுக்கு அப்புறந்தானே" என்றேன். மகள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

காப்புக் கட்டிய ஏழாம் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் முகத்தில் சிரிப்பில்லை. போட்டியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். வருகிற வெள்ளியும் சனியும். நாளைக் கணக்குப் பார்த்தேன். காப்பு அவிழ்க்க அதற்கு மேலும் மூன்று நாள் இருந்தது.

"நான் போகல அய்யா. டீச்சர்ட்டச் சொல்லிர்றேன்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

அவள் போகாவிட்டால் ஐந்து பேர். ஐந்து பேரை ஆட விடமாட்டார்கள். ஒரு வருடமாகப் பாடுபட்ட பிள்ளைகள் அத்தனை பேர் ஆசையும் என் கையால் கட்டிய நூலில் நின்றது.

"அஞ்சு புள்ளைக வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு? போயி வேளாரைக் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரி.

வேளார்தான் குதிரை செய்கிறவர், அய்யனாருக்குப் பூசாரியும் அவரே. ஒரு குதிரைக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார். காப்பை முன்னாடியே அவிழ்க்க வழி உண்டா என்று கேட்டேன்.

"கட்டுறதுதான் நான். நடுவுல அவுக்க எனக்கு அதிகாரம் இல்ல அப்பு" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "புள்ள தினம் காரைக்குடி போயிட்டு வருதுல்ல? அதே மாதிரி அங்குட்டும் போயிட்டுப் பொழுதோட வரட்டுமே. நம்ம அய்யனாரு ராத்திரிதான் குதிரையில வந்து ஊர்ல யாரு இருக்காகன்னு பாப்பாரு. பகல்ல அவருக்கு வேற சோலி."

மறுநாள் கல்லூரிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, பிசகு என்னுடையது என்றும் சொன்னேன். காலை எட்டு மணிக்கு ஆட்டம், விடியற்காலை பஸ்ஸில் குலுங்கிப் போய் இறங்கினால் பிள்ளைகள் எப்படி ஓடும் என்று அவர் யோசித்திருப்பார். என்னைத் திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை.

"ஒருத்தி மட்டும் எதுக்கு அலையணும்? ஆறு பேருமே போயிட்டுப் போயிட்டு வருவோம்" என்றார். "களைப்பாத்தான் இருக்கும். ஆனா ஆறு பேர் இருப்போம்."

வெள்ளிக்கிழமை விடியற்காலை காரைக்குடியிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் அந்த ஐந்து பிள்ளைகளும் டீச்சரும் இருந்தார்கள். எங்கள் ரோட்டு முக்கில் நானும் மகளும் ஏறினோம். வீட்டுக்காரி ஒரு தூக்குச்சட்டி நிறையத் தயிர்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். அதைத் திறந்து பார்த்தது, எழும்பி அடிக்கிற கோட்டையூர்ப் பிள்ளை.

"என்னடி, ஒரு கடுகு இல்ல, ஒரு மொளகா இல்ல?"

"காப்புக் கட்டின வீடுடி, தாளிக்க மாட்டோம்" என்றாள் என் மகள்.

"சரிதான். இதைத் தின்ன கோவத்துலயே அடிச்சு செயிச்சிருவேன்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விவரம் கேட்டார். காப்பு என்றதும், "சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதே வண்டிதான் திரும்பும். வந்துருங்க" என்றார்.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்த்தார். வளையல் எல்லாம் கழற்றியாகிவிட்டது. என் மகள் கையில் மஞ்சள் நூலைப் பார்த்ததும், "இது என்னம்மா?" என்றார். கழற்றச் சொல்லிவிடுவாரோ என்று நான் எழுந்துவிட்டேன்.

"புரவி எடுப்புக் காப்பு சார்."

"அய்யனாருக்கா? அப்ப அதைத் தொட நான் ஆளு இல்லம்மா. துணியைச் சுத்திக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். டீச்சர் தன் கைக்குட்டையை எடுத்து அதன் மேல் சுற்றிக் கட்டினார்.

அதுவரை நான் வாலிபால் பார்த்ததில்லை. என் பிள்ளை அடிப்பாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அவள் அடிக்கவே இல்லை. எங்கிருந்து பந்து வந்தாலும் ஓடிப்போய், கைக்குழந்தையை ஏந்துவது மாதிரி விரலில் ஏந்தி, இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்தாள். கைதட்டு அடித்தவளுக்குப் போனது. என் மகள் முகத்தில் அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அன்று இரண்டு ஆட்டமும் ஜெயித்தார்கள். விளக்கேற்றும் நேரத்துக்கு அவரவர் பிள்ளை அவரவர் வீட்டில் இருந்தது.

சனிக்கிழமை காலை ஆட்டத்தையும் ஜெயித்து, கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு செட் ஜெயித்து, மூன்றாவது தொடங்கும்போதே வெயில் தாழ்ந்துவிட்டது. பஸ் நினைப்பில் எனக்கு உட்கார முடியவில்லை. நடுவில் என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். 'நேரமாகிவிட்டதா, வரவா' என்கிற பார்வை. நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். 'அப்பனே, கட்டினவன் நான். தப்பு வந்தால் என் மேல் போட்டுக்கொள்' என்று வேண்டிக்கொண்டு, ஆடு என்று கையைக் காட்டினேன்.

இரண்டே பாயிண்டில் தோற்றார்கள். பரிசை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அஞ்சு மணி தாண்டி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் கண்டக்டரை ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுங்க, ஏறுங்க! காப்புக் கட்டின புள்ளய விட்டுட்டுப் போனா அந்த ரோட்டுல நான் எப்படிப் போயிட்டு வர்றது?" என்றார் அவர். "செயிச்சீகளா?"

"இல்லண்ணே, ரெண்டாவது" என்றாள் கோட்டையூர்ப் பிள்ளை.

"ரெண்டாவதுக்கே இம்புட்டு நேரமா! மொதல்ல வந்திருந்தா வண்டியை நாளைக்குத்தான் எடுத்திருப்பேன்போல."

ஏசிக்கொண்டிருந்தவர்களும் சிரித்து இடம் விட்டார்கள். எங்கள் ரோட்டு முக்கில் இறங்கியபோது மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. அந்த இடத்திலேயே அய்யனார் கோயில் திசை பார்த்துக் கும்பிட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூட எனக்கு நிறைவுதான். தீபாவளி கழித்து டீச்சர் மறுபடி வந்தார்.

"அண்ணே, அடுத்த வருஷத்துக்கு இப்பவே பதினாலு பொண்ணுங்க பேர் கொடுத்திருக்காங்க. 'பொழுதோட வீடு வந்துரும்னா ஆடட்டும்'னு பெத்தவங்களே வந்து சொல்றாங்க. இத்தனை வருஷமா முதல்நாளே போய்த் தங்கணும்னே இருந்துட்டேன். பக்கத்து ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்னு எனக்குத் தோணவே இல்ல. உங்க காப்புதான் காட்டிக் கொடுத்துச்சு." கிளம்பும்போது, "அடுத்த தடவை எப்பக் கட்டுறீங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க" என்றார்.

மறு வருடம் ஆடியில் ஒருநாள் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமாக வந்தாள். "அய்யா, புதுசா ஒரு பிள்ள வந்திருக்கா. என்னைவிட நல்லாத் தூக்கிக் குடுக்குறா. இந்த வருஷம் ஆறு பேருல நான் இருக்கறது நிச்சயமில்ல!" இவ்வளவு சந்தோஷமாக அதைச் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீக? இவளுக்கு ரெண்டு கையிலயும் கட்டிவிடப் போறீகளா?" என்று கேட்டாள் அவள் ஆத்தா.

அந்த வருடம் என் கையில் மட்டும் கட்டிக்கொண்டேன்.