தராசு வரும்வரை

என் தாயின் இடுப்பை நான் டேப்பால் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன்.

ஒருநாள், இரண்டு நாள் அல்ல. ஐந்து மாதங்கள்! காலையில் கட்டினேன், அந்தியில் கத்தரிக்கோலால் வெட்டினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் எல்லோரும் என்னை நல்ல பிள்ளை என்கிறார்கள். நீங்களாவது அப்படிச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போனால், பிறகு டவுனில் நின்று, பிற்பகல் அதே பிள்ளைகளைக் கூட்டி வரவேண்டும். மனைவி வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். போன வருடம் தண்ணீர் பிடிக்கப் போய்ப் பீலிக்கரையில் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். இடது கால் போயிற்று, நினைவும் குழம்பிப் போயிற்று. கைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கைகள்தான் என்னைப் பைத்தியமாக்கின.

டயப்பர் கட்டிய முதல் வாரமே அது இந்த மலைக்குச் சரிப்படாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தயாரித்தவன் மழைக்காலத்தில் மஸ்கெலியாவில் ஒரு வாரம் தங்கிப் பார்த்திருக்க வேண்டும்! இந்த ஈரத்தில் அதன் ஒட்டுப் பட்டிகள் ஒட்டுவதேயில்லை. கொஞ்சம் பவுடர் பட்டால் ஒட்டாது. ஒருமுறை பிரித்தால் மறுமுறை ஒட்டாது. அம்மாவின் இடுப்போ ஒரு பிடிதான் இருக்கும். கட்டிவிட்டு நிமிர்வதற்குள் ஒரு பக்கம் கழன்று தொங்கும். குனிந்து ஒட்டினால் மறுபக்கம் கழலும். இந்த இழவுக்காகவா நான் பிறந்தேன் என்று வாய்விட்டே கத்தியிருக்கிறேன்.

ஒட்டியதையும் அம்மா விட்டு வைக்க மாட்டார். பட்டியைப் பிய்த்து, உள்ளிருக்கும் பஞ்சை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, தோளுக்குப் பின்னால் வீசுவார். கூடையில் கொழுந்து போடுகிறாராம்! நான் வந்து கதவைத் திறந்தால் கட்டிலுக்குப் பின்னால் நனைந்த பஞ்சு குவிந்து கிடக்கும். மெத்தை நாசம். சுவர் நாசம். ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்தேன். மறுநாள் சிரிப்பு வரவில்லை.

டேப் போடும் யோசனை டவுனில் ஒரு கடைக்காரரைப் பார்த்து வந்தது. பெட்டி ஒட்டுகிற அகலமான பிரவுன் டேப். முதலில் பட்டிக்கு மேல் ஒரு துண்டு. அது போதவில்லை, இரண்டு துண்டு. அதையும் அம்மா பிய்த்தார். பிறகு ஒருநாள் எரிச்சல் தாங்காமல், முதுகுப் பக்கமாக விட்டு இடுப்பைச் சுற்றி முழுதாக மூன்று சுற்று... நுனியை முதுகில் ஒட்டினேன். கை எட்டாத இடம்.

அது பட்டியைப் பலப்படுத்துவதா, தாயைக் கட்டிப்போடுவதா? எந்தச் சுற்றில் ஒன்று இன்னொன்றாக மாறியது? நானே என்னை நூறு தடவை கேட்டுவிட்டேன்.

முதல் நாட்களில் அம்மா விடவில்லை. உதைத்தார், கையைக் கடித்தார். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. படங்கு!

கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி கீறாமல், பனி நனைக்காமல் இருக்க இடுப்பில் இறுகச் சுற்றிக் கட்டும் தடித்த சீலைதான் படங்கு. முப்பத்தெட்டு வருடம் விடியற்காலையில் அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான், பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, மலைக்குப் போனார். நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

“அம்மா, பெரட்டுக்கு நேரமாச்சு. படங்கு கட்டணும், கையத் தூக்கும்மா.”

தூக்கினார்! இரண்டு கைகளையும் தூக்கி, மூச்சை உள்ளே இழுத்து, ஒரு பிள்ளையைப் போல இருந்தார். நான் சுற்றச் சுற்ற “இன்னும் இறுக்கு” என்றுகூடச் சொன்னார்.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா இப்போது அடம்பிடிப்பதே இல்லை என்று மனைவியிடம் போனில் சொன்னேன். அவளும் மகிழ்ந்தாள். எப்படி என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

இன்னொரு அதிசயமும் நடந்தது. மதியம் மாற்றுவதற்காக வந்து பார்த்தால் டயப்பர் காய்ந்தே இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். நல்லதாய்ப் போயிற்று என்று மதியம் வருவதையே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் பிளாஸ்கில் தேத்தண்ணியும் தட்டில் ரொட்டியும் வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனால் அந்திக்குத்தான் திரும்புவேன்.

திரும்பி வந்ததும் அம்மா ஒன்றையே கேட்பார்.

“தராசு வந்துருச்சா தம்பி?”

கொழுந்து நிறுக்கிற தராசு. காலையில் புறப்படும்போதும் கேட்பார், அந்தியிலும் கேட்பார். புத்தி பேதலித்தவரின் பிதற்றல் என்றுதான் நினைத்தேன். “இன்னும் வரல, பேசாம படும்மா” என்பேன். அது ஒன்றுதான் அவரை அடக்கியது. வந்துவிட்டது என்று சொன்னால் கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார் என்று பயம். ஆகவே வரவில்லை, வரவில்லை, வரவில்லை... எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

பிறகு டேப்பை வெட்டுவேன். வெட்டி, டயப்பரை உருவிய அந்தக் கணமே அம்மா விட்டுவிடுவார். என் கையிலும் மடியிலும் மாற்றி விரித்த துணியிலும் ஆறாக ஓடும். நாள் முழுக்க டயப்பரில் போகாமல் வைத்திருந்து, நான் கழற்றிய பிறகுதானா! வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். கட்டிப்போட்டதற்குப் பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் தொடையில் ஓங்கி அறைந்தேன். ஆம்... அறைந்தேன். அம்மா அழவில்லை. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஏச்சு வாங்குகிறவர்கள் நிற்பதைப்போல, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கிடந்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கம்போல் டேப் சுற்றி முடித்த சற்று நேரத்தில், அம்மாவுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அடிவயிறு கல்லாக இருந்தது. முந்தின நாள் டேப்பை வெட்டியும் கொஞ்சம்தான் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், சேலை மாற்ற வேண்டும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பார்வதி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் மலைக்குப் போகிறவர். அம்மாவோடு ஒரே நிரையில் பறித்தவர். அவர் வருவதற்குள் டேப்பை வெட்டி, சுருட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த அவசரத்திலும் அது மட்டும் மறக்கவில்லை பாருங்கள்!

அக்காவைப் பார்த்ததும் அம்மா அதையேதான் கேட்டார். தராசு வந்துவிட்டதா என்று.

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“வந்துருச்சுக்கா. கொழுந்து நிறுத்து முடிஞ்சிருச்சு. படங்க அவுத்தாச்சு, நீங்க போங்க.”

அம்மா பெருமூச்சு விட்டார். உடம்பு தளர்ந்தது. விரிப்பு நனைந்தது. வெகுநேரம் போனது. இரத்தமும் கலந்திருந்தது.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“படங்கு கட்டிட்டா தராசு வர்ற வரைக்கும் அவுக்க மாட்டோம் தம்பி. மலையில ஒதுங்க எடம் எங்க இருக்கு? அடக்கிக்கிட்டே நிப்போம். ஒங்க அம்மா மட்டுமில்ல, நாங்க எல்லாருமே அப்படித்தான். ஒங்க வீட்டுக்காரியும் மலைக்குப் போனவதானே, சொன்னதில்லயா?”

சொன்னதில்லை. அல்லது நான் கேட்டதில்லை. லயத்தில் பிறந்து, கொழுந்துச் சம்பளத்தில் வளர்ந்து, கொழுந்து பறித்தவளையே கட்டிக்கொண்டவன் நான். அவர்கள் காலையிலிருந்து அந்திவரை எதை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நாற்பத்து நான்கு வயதுவரை எனக்குத் தெரியாது!

அம்மா பிதற்றவில்லை. என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறார். நான் போகலாமா தம்பி என்று ஐந்து மாதமாக, தினமும், மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இன்னும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதோடு முடிந்தால் அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். முடியவில்லையே...

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார், ஒருநாளைக்கு எத்தனை தடவை மாற்றுகிறீர்கள் என்று. நான்கு தடவை என்றேன். சிறுநீரை இவ்வளவு நேரம் அடக்கி வைக்க என்ன காரணம் என்றார். தெரியாது என்றேன். தாதி சேலையை விலக்கி, இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்த சிவப்புத் தடத்தைக் காட்டினார். டயப்பரின் இலாஸ்டிக் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். எல்லாம் தெரிந்த பிறகு சொன்ன பொய்கள் இவை. பக்கத்தில் நின்ற பார்வதி அக்கா, ஆம்பளைப் பிள்ளை தாயை இப்படிப் பார்ப்பது பெரிய காரியம் என்று தாதியிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமானவன் என்று நினைத்திருப்பார்கள்.

சிறுநீரகம் ஒன்று கெட்டுவிட்டது. அது ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்ததா, நான் கெடுத்ததா என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. கேட்கப் பயம்.

இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறார். டேப் சுருளைத் தேயிலைச் செடிகளுக்கிடையே தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்துவிட்டேன். டயப்பர் பட்டிகள் பழையபடி கழன்று தொங்குகின்றன, பஞ்சு பறக்கிறது, பறக்கட்டும். மதியம் தவறாமல் வருகிறேன். மாற்றும்போது நானே முந்திக்கொண்டு சொல்கிறேன்.

“தராசு வந்துருச்சும்மா. படங்க அவுத்தாச்சு.”

அம்மா என் முகத்தையே பார்க்கிறார். எல்லாம் மறந்தவர். என் பெயரைக்கூடச் சில நாட்களில் மறந்துவிடுகிறார். ஆனால் இதை மட்டும் மறக்கவில்லை.

“நீ பொய் சொல்லுவ. பார்வதி வரட்டும்.”

கெஞ்சுகிறேன். சத்தியம் செய்கிறேன். காலைப் பிடித்தும் பார்த்துவிட்டேன்... உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பார்வதி அக்காவோ மலையில் இருக்கிறார். அந்தித் தராசு முடிந்துதான் வருவார். அவரைச் சீக்கிரம் வரச் சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அக்கா வந்து, அம்மாவின் கன்னத்தைத் தட்டி, அம்மாவுக்கு என்மீது எவ்வளவு பாசம் பார் தம்பி, நான் வந்தால்தான் போகிறார்கள் என்று சிரிக்கிறார்.

ஆமாம் அக்கா என்கிறேன்.

இதை எழுதும்போது பிற்பகல் இரண்டு மணி. அம்மா அடக்கிக்கொண்டு கிடக்கிறார்.