நானூற்றுப் பதினோரு காலடி

கராமாவில் வாடகை ஏறியதற்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். துபாய் முழுவதற்கும் இல்லை, அவ்வளவு தலைக்கனம் கிடையாது, கராமாவுக்கு மட்டும். ஒன்பது வயதுப் பையன் வாயைத் திறந்ததால் ஒரு பேட்டையின் வாடகையே ஏறிவிட்டது என்று நினைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்? எனக்கு இருந்தது.

அங்கே மூன்றாவது மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பாவுக்குக் குழாயும் வாஷ்பேசினும் விற்கும் கடையில் வேலை. கடை இரண்டு தெரு தள்ளித்தான். காலை ஒன்பதிலிருந்து ஒன்று, பிறகு நாலிலிருந்து ஒன்பது என்று இரண்டு துண்டாக ட்யூட்டி. நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத்துக்கு அப்பா வீட்டுக்கு நடந்து வந்துவிடுவார். நானும் அப்போதுதான் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பேன். சாப்பிட்டதும் ஏசியைத் தட்டிவிட்டுப் பாயை விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணையில் தலையை வைப்பார். மிச்சமிருக்கும் ஓரத்தில் நான். அப்பளமாக நசுங்கிப்போன தலையணை அது. நீல உறையின் ஒரு மூலையில் நான் பேனாவால் வரைந்த மீசைக்காரன் இருந்தான். அப்பா தூங்கியதும் அவருடைய ஒரு கால் என் மேல் விழும். கனமான கால். தூக்கிப் போட முடியாது. நான் முயன்றதும் இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயத்தில் கட்டடக்காரரின் ஆபீஸிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார். வீடு நன்றாக இருந்தால் வாடகை ஏறும் என்பது எங்கள் வீட்டுப் பொருளாதாரம். ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் நாங்கள் பரம ஏழைகளாவோம். புது சோபா விரிப்பு உருவப்படும். ஒழுகாத ஏசிக்குக் கீழே ஒரு வாளி வைக்கப்படும். அக்கம்பக்கத்துக்குப் பயந்து வருஷம் பூராவும் கருவாடு பொரிக்காத அம்மா, அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொரிப்பாள். எனக்கும் ஒரு வேஷம் உண்டு. ஈரச் சுவரால் நெஞ்சுச் சளி பிடித்த பிள்ளை. இரும வேண்டும்.

“இருமுறதோட சரி. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசப்பிடாது, கேட்டியால?” என்றார் அப்பா.

“அவன் வாயி அவன் பேச்சையே கேக்காதே” என்றாள் அக்கா.

மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த அந்த வருஷம், டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார். நான் இருமிய இருமலில் அம்மாவே பயந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அவர் வாளியைப் பார்த்தார், கருவாட்டு வாசனைக்கு முகத்தைச் சுளித்தார், ஃபைலில் ஏதோ எழுதினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் கண் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் விழுந்தது. ‘நம் சுற்றுப்புறம்’ என்று பள்ளிக்கூடத்துக்காக நான் செய்தது. எங்கள் கட்டட வாசலிலிருந்து எது எத்தனை காலடி என்று நானே நடந்து எண்ணி எழுதியிருந்தேன். டீச்சர் இரண்டு ஸ்டார் ஒட்டியிருந்தார்.

“இதை நீயா செய்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவ்வளவுதான். நெஞ்சுச் சளி அந்த நிமிஷமே குணமாகிவிட்டது. மளிகைக்கடை அறுபத்திரண்டு காலடி, பஸ் ஸ்டாப் நூற்றுப் பதினெட்டு, அப்பா கடை நானூற்றுப் பதினொன்று என்று ஒப்பித்தேன். போதாதென்று அவர் கையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துப்போய் கான்கிரீட் தூண்களைக் காட்டினேன். “அங்கேதான் ஸ்டேஷன் வரப்போகிறது அங்கிள். எங்கள் வீடுதான் ரொம்பப் பக்கம்.” திரும்பிப் பார்த்தால், அப்பா காலி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். அக்கா மட்டும் மனம் தளராமல் எனக்குப் பதிலாக இரண்டு தடவை இருமிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் வந்த கடிதத்தில் வாடகை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பரிகாரமாக நானும் ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் சொன்னதெல்லாம் பொய், மளிகைக்கடை ஆறாயிரம் காலடி, மெட்ரோ வராது. அதை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவர் “அச்சா” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மெட்ரோ வந்துவிட்டது.

இப்போது தெரிகிறது. ஸ்டேஷன் வருகிற இடத்துக்கு ஆள் வரும். ஆள் வருகிற இடத்தில் தரைக்கு விலை வரும். கொடுக்க முடியாதவன் ஓரத்துக்கு நகர்வான். ஊர் அப்படித்தான் அகலமாகிறது. டை கட்டியவர் எங்கள் வாசல்மணியை அடிக்கும் முன்பே எல்லாம் முடிவாகியிருக்கும். எங்கள் கட்டடத்தில் வாயே திறக்காத வீடுகளுக்கும் அதே ஏற்றம்தான்.

ஆனால் நாங்கள் ஓரத்துக்கு, அதாவது ஷார்ஜாவுக்கு, நகர்ந்தபோது எனக்கு ஒரே கொண்டாட்டம். குறைந்த வாடகைக்கு இரண்டு படுக்கையறை! கிரிக்கெட் ஆடும் அளவுக்கு நீள நடைகூடம்! கராமாவில் இருப்பவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்கள் என்று முடிவுகட்டினேன். அப்பா பத்து வயதான ஒரு வெள்ளைக் காரும் வாங்கினார். பெரிய வீடு, கார். என் வாயால் குடும்பம் முன்னேறிவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன். வீடு மாற்றியதில் அந்த நீலத் தலையணை மட்டும் காணாமல் போயிற்று. அம்மா பிக்கப் டிரைவரை ஒரு வாரம் திட்டினாள். அப்பா காரைத் துடைக்கக் கிளம்பிவிட்டார்.

புது வீட்டில் முதல் நாள் மத்தியானம் அப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் காலையில் பஸ் பிடிக்கப் போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வரும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பேரும் விழித்திருப்போம். அன்றைக்கென்று பார்த்து வீடு நிறைய ஆள் வரும். பெரிய அறையில், புது ஸ்பாஞ்சு தலையணையில், நான் முழுசாகப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. புத்தகப் பையை எடுத்து என் மேல் வைத்துப் பார்த்தேன். கனம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பை குறட்டை விடவில்லை.

புது வீட்டுக்கும் சார்ட் போட்டேன். மளிகைக்கடை முப்பது காலடி. அப்பா கடைக்கு நேரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வெறுமையாக விட்டேன்.

கார்தான் இருக்கிறதே, வந்துவிட்டுப் போனால் என்ன? யோசித்து யோசித்து ஒரே காரணம்தான் கிடைத்தது: என் மேல் கோபம். பால்கனியில் நான் பேசிய பேச்சுக்கு அப்பா இப்படித் தண்டனை தருகிறார். ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலை எப்படிப்பட்டது என்று நான் அதுவரை பார்த்ததில்லை.

கோடை விடுமுறையில் ஒருநாள் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். வண்டிகள் ஊர்ந்தன, நின்றன, மறுபடி ஊர்ந்தன. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. மன்னிப்பு கேட்பதற்கு வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியது. டிபன் கேரியரைக் காலி செய்துவிட்டு, கட்டடத்தின் பின்பக்க நிழலில் நின்ற காருக்குப் போனோம். அப்பா எஞ்சினை ஓடவிட்டு ஏசியைத் தட்டினார். என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்தார். சீட்டின் மேல் ஒரு நீலத் தலையணை. மூலையில் மீசைக்காரன்.

அப்பா முழங்காலை மடக்கிப் பின்சீட்டில் படுத்தார். என் மேல் விழுவதற்கு அந்தக் காலுக்கு இடமில்லை.

மன்னிப்பு தொண்டைவரை வந்தது. இருமினேன், இந்தத் தடவை நிஜ இருமல். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“தலகாணி இங்க என்னப்பா பண்ணுது?”

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“அதுக்கும் இங்கதாம்ல ட்யூட்டி.”