எஞ்சினுக்கு நல்ல தண்ணீர்

வேலை பெர்மிட்டின்படி செய்யது இபுராகிம் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளி. ஆனால் மலேசியாவின் கிள்ளானில் படகுப் பட்டறை வேலையில், ஒன்பது வருடமாக அவர் தொட்ட மரமெல்லாம் படகுப் பலகைதான். தம்புசாமியின் பழைய படகு கடலுக்குப் போய்வந்ததும், குளிர்விக்கும் குழாய்களில் உப்புத் தங்காதபடி எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓட்டுவார்.

"என்னையே எம்பொண்டாட்டி இப்படிக் குளிப்பாட்டுனதில்ல லா," என்பார் தம்புசாமி.

போன வாரம் அந்தப் படகில்தான் தம்புசாமியின் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். கரை சேர்ந்ததும் செய்யது வழக்கம்போல் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார்.

"நாளைக்குப் பழைய இரும்புக்குப் போற எஞ்சின், தம்பி. இனிமே உப்புப் புடிச்சா என்ன?" என்றார் தம்புசாமியின் மனைவி வள்ளியம்மா.

"தெரியும்க்கா."

வெளியே வந்த தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். கரித்தது. கரிப்புப் போகும்வரை, முக்கால் மணி நேரம், எஞ்சினைக் கழுவினார்.