பானெட் ஆறும்வரை

எங்கள் மெக்கானிக் முதலில் இஞ்சின் மூடியான பானெட்டின் மேல் புறங்கையை வைப்பார். வண்டிக்காரர் வணக்கம் சொல்வதெல்லாம் இவர் காதில் விழாது. சூடாக இருந்துவிட்டால் போச்சு. "நான் வர்றதுக்கு முன்னாடியே எதுக்கு ஸ்டார்ட் பண்ணுனீங்க?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்பார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்த மெக்கானிக்கைத்தான் துணைக்கு அழைத்துப் போவார்கள். புகையைப் பார்த்தே சொல்லிவிடுவார். கறுப்பு என்றால் டீசல் வீணாகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. "அவனுங்க ரெண்டு பேரும் யோக்கியனுங்க. இந்த வெள்ளை இருக்கானே, ஆளைப் பாத்துப் பேசுவான்" என்பார். ஆறிய இஞ்சினில் முதலில் வரும் வெள்ளைப் புகை வெறும் ஈரம். சற்று நேரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் இஞ்சினுக்குள் இறங்குகிறது, வண்டிக்குச் சாவு நெருங்கிவிட்டது. முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்தால் இது சட்டென்று தெரியாது. விற்கிறவர்களுக்கு இது அத்துபடி.

சந்தேகம் தொழிலோடு நிற்பதில்லை. மனைவி கொடுத்தனுப்பும் ஃபிளாஸ்க் டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "கட்டிக்கிட்டு இருபத்தாறு வருஷமாச்சு. விஷம் வெக்கறதா இருந்தா இவ்ளோ நாள் விட்டு வெச்சிருப்பேனா?" என்று அந்த அம்மாள் என்னிடம் அங்கலாய்த்தார். என்னையும் மெக்கானிக் நம்பியதில்லை. "பத்திரிகைல எழுதறவரு, பாத்துதான் பேசணும்" என்று என் எதிரிலேயே சொல்வார்.

போன மாதம் என் அக்காவுக்கு ஒரு வேன் பார்க்கப் போனோம். மாமா இறந்த பிறகு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேலை ஒன்றுதான் அவளுக்கு வழி. வேன் மெக்கானிக்கின் சொந்தத் தம்பியுடையது. அப்பாடா, இங்கேயாவது விசாரணை இருக்காது என்று நினைத்தேன்.

புறங்கை பானெட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"காலைல எங்கயாவது எடுத்துட்டுப் போனியா?"

"இல்ல... ஆமாண்ணே, சும்மா தெருமுனை வரைக்கும்."

சாவியை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆறட்டும்."

தம்பி சாப்பிடக் கூப்பிட்டார். தம்பி மனைவியும் வந்து கூப்பிட்டார். மனுஷன் மூன்று மணி நேரம் அசையவில்லை. கூடப் பிறந்தவனிடமுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா அதற்குள் வேனில் ஏறி இருக்கைகளைத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஒருவழியாக ஸ்டார்ட் செய்தார். வெள்ளைப் புகை வந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, நிற்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டின் இனிப்பு வாடை வேறு.

தம்பி குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, வெளியாளுங்க முன்னாடி மானத்த வாங்காதீங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அக்கா கீழே இறங்கி மெக்கானிக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இஞ்சினை நிறுத்தப் போனார், நின்றார், திரும்பி வந்து தன் கைக்குட்டையைச் சைலன்சர் குழாயின் வாயில் பிடித்தார். அது நனைந்தது. பிறகு வண்டியை அணைத்துச் சாவியை எடுத்தார். கைக்குட்டையை முகர்ந்து பார்க்கவில்லை. சாவியை அதற்குள் வைத்து மடித்து, தம்பியின் சட்டைப்பையில் செருகினார்.