குவியத்தில் ஒரு செருப்பு

கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் இருந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே பேப்பரை விரித்துக்கொள்வார்.

அன்று பரவளையம் நடத்தினேன். குவியம் என்ற புள்ளிக்கும் இயக்குவரை என்ற கோட்டுக்கும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளின் பாதை என்று சொல்லி, y² = 4ax என்று எழுதினேன். இரண்டாம் பெஞ்சுப் பெண் எழுந்து, சம தூரம் என்றால் நேராகத்தானே போகணும், ஏன் வளைகிறது என்று கேட்டாள். வரையறையே அப்படித்தான் என்று உட்கார வைத்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் இருவரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். ஏன் பேசாமல் வருகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் குதிகாலால் ஈரமணலில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். செருப்பில் ஒன்றைக் கழற்றிச் சற்றுத் தள்ளி வைத்தார். சட்டைப்பையில் கடையின் பார்சல் நூல் இருந்தது.

“ரெண்டு பக்கமும் ஒரே நீளம். அவ்வளவுதானே?”

நான் செருப்பருகே நூல்முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அளந்து அளந்து கிளிஞ்சல் வைத்தார். முதல் கிளிஞ்சல் செருப்புக்கும் கோட்டுக்கும் நடுவில் விழுந்தது. பக்கவாட்டில் நகர்ந்தபோது செருப்பு தூரமாகிக்கொண்டே போனது. கோடு மட்டும் கூடவே வந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டு இன்னும் விலக வேண்டியிருந்தது. கிளிஞ்சல்கள் தாமாகவே வளைந்தன. சுண்டல் விற்றவர்கூட நின்று பார்த்தார்.

“இவ்வளவு தெரிஞ்ச பிறகு சமன்பாடு எதுக்கு?” என்றார்.

நூல் எட்டாத இடத்துக்கு என்றேன். முதல் கிளிஞ்சலிலிருந்து செருப்பு a தூரம், கோடும் a தூரம், வேறொரு கிளிஞ்சல் செருப்புப் பக்கமாக x, பக்கவாட்டில் y தூரம் என்று வைத்து, மணலிலேயே எழுதினேன்: (x − a)² + y² = (x + a)². இருபுறமும் விரித்து, பொதுவானதை அடித்ததும் y² = 4ax மிஞ்சியது. அடித்த ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டார். ஐந்து வருஷமாக மனப்பாடமாகச் சொன்னதை அன்றுதான் காரணத்தோடு சொன்னேன்.

மறுநாள் வகுப்பில், நேற்று எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பித்தேன். கோடு சாய்வாக இருந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெண் அடுத்ததைக் கேட்டாள். மதிய இடைவேளை முழுக்க இருவரும் போர்டருகே நின்றோம்.

வீட்டில் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன பாடம் என்றார்.