வயிற்றைக் கடந்த கதிரின் அளவு

போடியில் ஒரு சிறிய எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுப்பது என் வேலை. ஓர் ஐப்பசி மழையில், குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண் ஒருத்தி சறுக்கி விழுந்து ஜீப்பில் வந்து சேர்ந்தாள். டாக்டர் இடுப்புக்கும் முதுகுக்கும் படம் கேட்டிருந்தார். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன். இல்லை என்றாள். எடுத்தேன். எலும்பு முறிவு இல்லை.

மூன்று வாரம் கழித்துப் புருஷனோடு வந்தாள். அன்றைக்கே வயிற்றில் கரு இருந்திருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கியது. எக்ஸ்ரே பட்டதைக் கலைத்துவிடுவதுதான் நல்லது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அவள் அழவில்லை.

"அண்ணே, எம்பிள்ள மேல எம்புட்டுப் பட்டுச்சு? அத மட்டும் சொல்லுங்க."

பதினெட்டு வருஷமாகப் படம் எடுக்கிறேன். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இருவரையும் எங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் மதுரையிலிருந்து கதிர்வீச்சைக் கணக்கிடும் ஓர் அம்மையாரை வரவழைத்தார். அன்று நான் பதிந்து வைத்திருந்த மின்னழுத்தம், நேரம், தூரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அவளுடைய உடம்பின் தடிமனையும் அளந்தார். அவள் உடம்புக்குப் பதிலாக அதே தடிமனுக்குப் பிளாஸ்டிக் பலகைகளை மேசையில் அடுக்கி, நடுவே கதிரை அளக்கும் கருவியைச் செருகினார். அவர் கையிலிருந்த இன்னொரு கருவி அப்போதே டிக் டிக் என்றது. இயந்திரத்தை இன்னும் போடவே இல்லையே என்றேன்.

"இது மெஷின் இல்ல சார். தரை, மலைப்பாறை, வானம், உங்க எலும்பு, எல்லாத்துலருந்தும் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கு."

மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அது எனக்குத் தெரியாது. அன்று எடுத்தபடியே மறுபடி பொத்தானை அழுத்தினேன். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நொடிக்குள் ஓர் உடம்பைக் கடந்து போனதை, வாரங்கள் கழித்து அந்த அம்மையார் ஒரு தாளில் எண்ணாக்கிக்கொண்டிருந்தார். அவளும் புருஷனும் பக்கத்தில் நின்று அந்தப் பேனாவையே பார்த்தார்கள்.

கருவுக்குப் போய்ச் சேர்ந்தது, பயப்பட வேண்டிய அளவுக்கு வெகு கீழே என்றார். அதற்காகக் கலைக்க அவசியமே இல்லை என்றார். புருஷன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவளோ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாங்கி, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கையில் கொடுத்தாள். வாங்கப் பயமாக இருந்தது. வாங்கினேன். நல்ல கனம்.